பதினோரு கோப்பையும் ஏழு சாம்பியன்களும்

1960-களில் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரே ஒரு புகார்தான்: எப்போது பார்த்தாலும் பாஸ்டன்தான் ஜெயிக்கிறது. 2025-இல் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சொல்லும் புகார்: வருஷத்துக்கு ஒரு அணி ஜெயிக்கிறது, யாரை நினைவில் வைத்துக்கொள்வது?

இரண்டு புகாருமே நியாயமானவை. பில் ரஸல் 1956-இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்தார். அவர் ஆடிய 13 பருவங்களில் அந்த அணி 11 முறை கோப்பையை எடுத்தது. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. இன்னொரு பக்கம், 2019-இலிருந்து 2025 வரை டொரன்டோ, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஒக்லஹோமா சிட்டி என்று ஏழு வருஷத்தில் ஏழு சாம்பியன்கள். என்.பி.ஏ. என்ற அந்த அமெரிக்க லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை.

ரஸல் காலத்து லீக் இன்றைய ரசிகருக்கு அடையாளமே தெரியாது. அவர் வந்தபோது மொத்தம் எட்டு அணிகள்தான். ஓர் அணி ஒருவரை எடுத்துவிட்டால், அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. முதலாளி விற்றால்தான் போகலாம். ரஸலையே பாஸ்டன் ஒரு ட்ரேடில், அதாவது வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில்தான் பிடித்தது. எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த வருஷ டிராஃப்டின் இரண்டாம் தேர்வை வாங்கினார் பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் அவர்பாக். ஒருமுறை சரியாகச் சேர்த்துவிட்ட கூட்டத்தைக் கலைக்க எந்த விதியும் கிடையாது. பாப் கூஸி, பில் ஷார்மன், டாம் ஹைன்சன், சாம் ஜோன்ஸ், கே.சி. ஜோன்ஸ் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே பெஞ்சில் இருந்தார்கள் என்றால் சும்மா இல்லை.

அப்போது ரசிகர்கள் சண்டை போட்டது அணிகளுக்குள் சமநிலை இருக்கிறதா என்பதைப் பற்றி இல்லை. ரஸலா, வில்ட் சேம்பர்லினா? அதுதான் சண்டை. சேம்பர்லின் 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி அடித்தவர். 1962 மார்ச் 2-ஆம் தேதி பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் ஒரே ஆட்டத்தில் 100 அடித்தார். அதை நேரில் பார்த்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி கேமரா எதுவும் அங்கே இல்லை. இன்றைக்கும் வானொலி வர்ணனைத் துண்டும், '100' என்று எழுதிய காகிதத்தை அவர் பிடித்திருக்கும் புகைப்படமும்தான் மிச்சம். அப்படிப்பட்டவருக்கு மொத்தம் இரண்டு கோப்பை, ரஸலுக்குப் பதினொன்று. தனி ஆள் பெரியவரா, ஜெயித்தவர் பெரியவரா என்ற வாதம் அங்கே தொடங்கி இன்று லெப்ரானா ஜோர்டனா என்பது வரைக்கும் ஓய்ந்தபாடில்லை.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை கோப்பை வாங்கிய அணிக்குச் சொந்த ஊரிலேயே இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதே பாஸ்டன் கார்டனில் ஆடிய ஐஸ் ஹாக்கி அணிக்குக் கூட்டம் அதிகம். அதற்கு இனவெறியும் ஒரு காரணம் என்று ரஸலே பல தடவை பேசியிருக்கிறார்.

கூடைப்பந்தில் பெரிய அணி பெரிதாகவே இருப்பதற்கு ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. களத்தில் ஐந்து பேர்தான். அதில் சிறந்தவன் 48 நிமிடத்தில் 40 நிமிடம் ஆடுவான். பந்து திரும்பத் திரும்ப அவன் கைக்கே வரும். கால்பந்தில் ஒரே ஒரு கோல் தலையெழுத்தை மாற்றிவிடும். இங்கே ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் நூறு தடவை பந்து கிடைக்கிறது. நூறு தடவையும் அதிர்ஷ்டம் கைகொடுக்காது. அதற்கு மேல் ஏழு ஆட்டத் தொடர் வேறு. ஒரு ராத்திரி ஏமாந்தாலும் அடுத்த மூன்றில் பலசாலி கணக்கைத் தீர்த்துக்கொள்வான். ஆகவே எந்த விதியும் போடாமல் விட்டால் கூடைப்பந்து தானாகவே சாம்ராஜ்யங்களைத்தான் உண்டாக்கும்.

அந்த இயல்புக்கு விலக்காக ஒரு பத்தாண்டு வந்தது. 1970-களில் பத்து வருஷத்தில் எட்டு அணிகள் கோப்பையைப் பங்குபோட்டுக்கொண்டன. நியூயார்க், மில்வாக்கி, போர்ட்லேண்ட், வாஷிங்டன், சியாட்டில் எல்லோருக்கும் ஒரு திருநாள் கிடைத்தது. சமநிலை வேண்டும் என்பவர்கள் கனவு காணும் காலம் அது. ஆனால் லீக்கின் நிலை? படுமோசம்.

1980 மே 16. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், பிலடெல்பியாவில். லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்காலில் அடிபட்டு லாஸ் ஏஞ்சலஸிலேயே தங்கிவிட்டார். அவர் இடத்தில் சென்டராக நின்றவர் 20 வயது மேஜிக் ஜான்சன். அவருக்கு அதுதான் முதல் பருவம். அதுவரை பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் கார்டு. அன்றைக்கு 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். லேக்கர்ஸ் 123-107 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. அமெரிக்காவின் பெரும்பகுதி இதை நேரலையில் பார்க்கவில்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சி வழக்கமான தொடர்களை ஓட்டிவிட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பதிவைப் போட்டது. சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டத்துக்கே அந்த மரியாதை.

எட்டு சாம்பியன்கள் வந்தும் ஏன் கூட்டம் வரவில்லை? போதைப்பொருள் பற்றிய செய்திகள், கறுப்பின வீரர்கள் நிறைந்த ஆட்டத்தை வெள்ளையர் கூட்டம் பார்த்த பார்வை, போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வோடு இழுபறி என்று பல காரணம் உண்டு. சமநிலைதான் கெடுத்தது என்று சொன்னால் அபத்தம். சமநிலை காப்பாற்றவில்லை என்பது மட்டும் உறுதி.

காப்பாற்றியது அதற்கு நேர் எதிரானது. 1980-களில் கோப்பையைத் தொட்டவை நான்கே அணிகள்: லேக்கர்ஸ் ஐந்து, செல்டிக்ஸ் மூன்று, பிலடெல்பியாவும் டெட்ராய்ட்டும் ஒவ்வொன்று. அந்தப் பத்தாண்டில் லேக்கர்ஸோ செல்டிக்ஸோ இல்லாத இறுதித் தொடர் ஒன்றுகூடக் கிடையாது. மேஜிக்கும் லாரி பேர்டும் மூன்று முறை நேருக்கு நேர் மோதினார்கள். நடுநிலையாளர் என்று எவரும் இல்லை. ஏதாவது ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், லீக் ஓங்கியதற்கு 'யார் ஜெயிப்பார்கள்' என்ற குழப்பம் காரணமில்லை. 'இவன் ஜெயிக்கவே கூடாது' என்ற வெறிதான் காரணம்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்ததும் இதே காலத்தில்தான். 1984-85 பருவத்துக்கு ஓர் அணி செலவழிக்கக்கூடிய மொத்தச் சம்பளம் 36 லட்சம் டாலர். ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளுக்குக் கொடுக்கும் தொகையைப் போலக் கறாரான வரம்பு என்று நினைத்துவிடக் கூடாது. சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. பேர்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பூட்டைச் செய்தவர்களே சாவியையும் வாசலில் தொங்கவிட்ட கதை. பேர்டின் செல்டிக்ஸ் கலையவில்லை, மேஜிக்கின் லேக்கர்ஸ் கலையவில்லை. அதைப் பற்றி அன்றைய ரசிகர்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. வரம்பு எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மைக்கேல் ஜோர்டன் காலத்தை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. எட்டு வருஷத்தில் ஆறு கோப்பை. பார்க்லி, யூயிங், மலோன், ஸ்டாக்டன், ரெஜி மில்லர் ஆகியோர் ஒரு கோப்பைகூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். 1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டியில் 5.2 விநாடி மீதமிருக்க அவர் அடித்த கடைசிக் கூடையை, அந்த 87-86 ஆட்டத்தை, அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடியே 59 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கையை எந்த என்.பி.ஏ. ஆட்டமும் அதற்குப் பிறகு எட்டவில்லை. ஒரே ஆள் தொடர்ந்து ஜெயிக்கிறான் என்று யாரும் டி.வி.யை அணைத்துவிடவில்லை.

அப்புறம் ஏன் 2016-இல் ரசிகர்களுக்கு அத்தனை கோபம்?

ரஸலின் பாஸ்டனையும் ஜோர்டனின் சிகாகோவையும் கட்டியவர்கள் மேலாளர்கள். இப்போது வீரர்களே கட்டத் தொடங்கினார்கள். அந்த உரிமைக்கு வழிவிட்டது ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் தொடுத்து 1976-இல் சமரசத்தில் முடிந்த வழக்கு. ஒப்பந்தம் முடிந்த வீரரைத் தடையின்றி விட்டுவிடும் முறை 1988-இல்தான் முழுமையாக வந்தது. லெப்ரான் ஜேம்ஸ் 2010-இல் கிளீவ்லேண்டை விட்டு மயாமிக்குப் போவதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வைத்தே அறிவித்தார். கிளீவ்லேண்ட் முதலாளி டேன் கில்பர்ட் ஆத்திரத்தில் எழுதிய பகிரங்கக் கடிதம் காமிக் சான்ஸ் எழுத்துருவில் வெளிவந்தது. கடிதத்தில் என்ன இருந்தது என்பதைவிட அந்த எழுத்துருதான் இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது.

கெவின் டுரான்ட் போனது இன்னும் மோசமாகப் பட்டது. 2016 மேற்குப் பிரிவு இறுதியில் அவருடைய ஒக்லஹோமா சிட்டி அணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 3-1 என்று முந்தியிருந்து, பிறகு 4-3 என்று தோற்றது. வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்று வெறும் ஒன்பதில் தோற்ற அணி. ஜூலை 4-ஆம் தேதி டுரான்ட் அதே வாரியர்ஸில் சேர்வதாக அறிவித்தார். ஒக்லஹோமாவில் அவருடைய சட்டையைக் கொளுத்தினார்கள்.

இதைச் சாத்தியமாக்கியது ஒரு கணக்குத்தான். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்ததால் உச்சவரம்பு ஒரே கோடையில் 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 லட்சத்துக்குத் தாவியது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது. வீரர் சங்கம் மறுத்தது. விளைவு, 73 ஆட்டம் ஜெயித்த அணிக்கே திடீரென்று இன்னொரு நட்சத்திரத்தை வாங்கப் பையில் இடம் வந்தது. அடுத்த வருஷ பிளேஆஃப்பில் வாரியர்ஸ் 16 வெற்றி, ஒரே தோல்வி. 2015 முதல் 2018 வரை நான்கு வருஷமும் வாரியர்ஸ், கிளீவ்லேண்ட் என்று அதே இரண்டு அணிகள் இறுதித் தொடரில். அக்டோபரிலேயே தெரிந்த முடிவுக்காக 82 ஆட்டம் எதற்கு என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

ஆக, சாம்ராஜ்யம் என்றாலே ரசிகனுக்கு ஆகாது என்பதில்லை. வளர்ந்து வந்ததை மன்னிப்பான்; சேர்ந்துகொண்டதை மன்னிக்க மாட்டான். ரஸலின் அணியும் ட்ரேடில் வந்ததுதானே என்று கேட்டால் அது வேறு என்பான். என்ன வேறு என்று கேட்டால் குரலை உயர்த்துவான்.

லீக் இதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் 2023 ஒப்பந்தத்தில் வந்த செகண்ட் ஏப்ரன். உச்சவரம்புக்கு மேல் வரி, வரிக்கு மேல் ஒரு கோடு, அதற்கும் மேல் இன்னொரு கோடு. 2025-26 பருவத்தில் உச்சவரம்பு 15 கோடியே 46 லட்சம் டாலர். இந்தக் கடைசிக் கோடு 20 கோடியே 78 லட்சத்தில். முன்பெல்லாம் பணக்கார முதலாளி வரியைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். இப்போது பணத்தால் தப்ப முடியாது. கோட்டைத் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை ட்ரேடில் வாங்க முடியாது, நடுத்தர வீரரைச் சேர்க்கும் விலக்கு போய்விடும், ஏழு வருஷம் தள்ளியிருக்கும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வை விற்க முடியாமல் முடக்கிவிடுவார்கள்.

ஏழு வருஷத்தில் ஏழு சாம்பியன் வந்தது இந்தக் கோட்டால்தான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே அது நிற்காது. முதல் ஐந்து சாம்பியன்கள் அந்த விதி வருவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 2019-இல் டொரன்டோ ஜெயித்தபோது எதிரணி வாரியர்ஸில் டுரான்ட்டின் குதிகால் தசைநாரும் கிளே தாம்சனின் முழங்காலும் அந்தத் தொடரிலேயே போயின. டுரான்ட், ஜேம்ஸ் ஹார்டன், கைரி எர்விங் மூவரும் புரூக்ளினில் கூடியபோது இனி பத்து வருஷத்துக்குக் கோப்பை அங்கேதான் என்றார்கள். மூவரும் சேர்ந்து களமிறங்கியது மொத்தம் 16 ஆட்டம். காயமும் பிணக்கும் செய்த சமநிலையை விதியின் கணக்கில் எழுதுவது லீக் அலுவலகத்துக்கு வசதியாக இருக்கலாம்.

2025 இறுதித் தொடர் இந்த வாதம் முழுவதையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒக்லஹோமா சிட்டி எதிர் இந்தியானா. நியூயார்க் இல்லை, லாஸ் ஏஞ்சலஸ் இல்லை. இரண்டுமே சின்னச் சந்தை ஊர்கள்.

முதல் ஆட்டம் ஜூன் 5. முதல் பாதியிலேயே இந்தியானா 19 முறை பந்தைக் கோட்டைவிட்டது. கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியது. பிறகு மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பந்து டைரீஸ் ஹாலிபர்ட்டன் கையில். நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தவில்லை. வலப்பக்கம் ஓடி, நின்று, எம்பி அடித்தார். கூடைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் 0.3 விநாடி. 111-110. அந்த ஆட்டத்தில் இந்தியானா முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஜூன் 22 இரவு, நம்மூர்க் கடிகாரத்தில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை. முதல் கால்பகுதியிலேயே மூன்று முறை தூரத்திலிருந்து போட்டுவிட்டு, ஹாலிபர்ட்டன் விழுந்து தரையைத் தட்டினார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. ஒக்லஹோமா 103-91.

பார்த்தவர்கள் பல வருஷத்தில் இப்படி ஒரு தொடர் இல்லை என்றார்கள். பார்க்காதவர்கள்தான் அதிகம். தொடரின் சராசரி சுமார் ஒரு கோடி பேர். ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு கோடியே 64 லட்சம். 1998 தொடரின் சராசரி 2 கோடியே 90 லட்சம். இதில் பாதிப் பழி தொலைக்காட்சியை விட்டுக் கைபேசிக்குப் போன உலகத்தின் மேல். ஆனாலும் லேக்கர்ஸ் வந்திருந்தால் எண்ணிக்கை ஏறியிருக்கும் என்பதை ஒக்லஹோமாக்காரரே மறுக்க மாட்டார். லீக் அலட்டிக்கொள்ளவில்லை. சுமார் 7,600 கோடி டாலருக்கு 11 வருஷத் தொலைக்காட்சி ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது.

சமநிலை என்று கொண்டாடுகிறார்களே, அந்த வருஷ ஒக்லஹோமா 68 வெற்றி, 14 தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரி 12.9 புள்ளி வித்தியாசம். 1971-72 லேக்கர்ஸ் வைத்திருந்த சாதனையையே தாண்டியது. மறுமுனையில் யூட்டா 17 வெற்றி, 65 தோல்வி. கோப்பை ஊர் ஊராகச் சுற்றுவது ஒரு சங்கதி. ஒரு சாதாரண ஜனவரி ராத்திரியில் இரண்டு அணிகள் சமமாக மோதுவது வேறு சங்கதி. முதலாவது கிடைத்திருக்கிறது. இரண்டாவது கிடைக்கவில்லை. டிராஃப்டில் நல்ல தேர்வு வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, மிக மோசமான மூன்று அணிகளுக்கும் லாட்டரிக் குலுக்கலில் முதல் தேர்வுக்குத் தலா 14 சதவீத வாய்ப்பு என்று 2019-இல் சமப்படுத்தினார்கள். தோற்பது நிற்கவில்லை. 2025 லாட்டரியில் யூட்டாவுக்கு ஐந்தாவது தேர்வுதான் கிடைத்தது. வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு வந்த டல்லஸ், முதல் தேர்வில் கூப்பர் ஃபிளாக்கைத் தட்டிக்கொண்டு போனது. மூன்று மாதத்துக்கு முன்புதான் லூகா டொன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துச் சொந்த ரசிகர்களிடமே வசவு வாங்கிய அணி அது. லாட்டரி ஏமாற்று வேலை என்ற பேச்சு, 1985-இல் நியூயார்க்குக்குப் பாட்ரிக் யூயிங் கிடைத்த நாளிலிருந்து இருப்பது. அதற்கு மறுபடியும் உயிர் வந்தது.

ரசிகனின் பேச்சு மாறியிருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். அன்று ஒருவன் ரஸல் எத்தனை ரீபவுண்ட் எடுத்தார் என்று சொல்லிச் சண்டை போட்டான். இன்றைய ரசிகனுக்கு எந்த வீரரின் ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது, எந்த அணியின் 2029 தேர்வு யாரிடம் இருக்கிறது என்பது மனப்பாடம். 2025-இன் இரண்டு இறுதி அணிகளையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டும் பால் ஜார்ஜ் என்ற ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. இந்தியானா அவரை 2017-இல் ஒக்லஹோமாவுக்குக் கொடுத்து சபோனிஸை வாங்கியது. சபோனிஸைக் கொடுத்து ஹாலிபர்ட்டனை வாங்கியது. ஒக்லஹோமா 2019-இல் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கியது. அதில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். ஜார்ஜுக்கு இன்னும் கோப்பை இல்லை. இந்த வம்சாவளியைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

பாஸ்டன் ரசிகர்கள் இந்தப் பாடத்தைக் கசப்போடு படித்தார்கள். 2024-இல் பதினெட்டாவது கோப்பை. அடுத்த மே மாதம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது. கோடு தாண்டிய சம்பளப் பட்டியலோடு ஒரு பருவத்தை வீணாக்க முடியாது என்று ஜூன் மாதமே ஜ்ரூ ஹாலிடேயை போர்ட்லேண்டுக்கும் போர்ஸிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். அவர்பாக் இந்த விதிகளின் கீழ் வேலை பார்த்திருந்தால், மூன்றாவது கோப்பைக்கு முன்பே கூஸியை விற்கச் சொல்லிக் கணக்குப்பிள்ளை வந்து நின்றிருப்பார்.

அடுத்தது ஒக்லஹோமாவின் முறை. 2025 ஜூலையில் அந்த அணி கில்ஜஸ்-அலெக்ஸாண்டருக்கு நான்கு வருஷத்துக்கு 28 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டது. வில்லியம்ஸுக்கும் செட் ஹோம்கிரனுக்கும் தலா ஐந்து வருஷத்துக்குப் பெரிய ஒப்பந்தங்கள். அவை 2026-27 பருவத்தில் தொடங்குபவை. அந்தப் பருவத்துக்கு லூ டோர்ட்டையும் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனையும் வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அப்போது அணியின் கையில் இருந்தது. கோப்பை ஊர்வலம் முடிந்த சில வாரங்களிலேயே அந்த ஊர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, இருவரில் யாரை அனுப்பலாம் என்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.